கடைசிக் குச்சி

“ஒளிப்படக்காரர், இரண்டாம் நிலை: சோதனைக் கூடத்தில் நிகழ்பவற்றை இமைகொட்டாது கவனித்து, தன் விருப்பு வெறுப்பு எதையும் கலவாமல், உள்ளதை உள்ளபடி, பிறர் உதவியின்றிப் பதிவு செய்பவர். நடுங்காத கையும் கூர்மையான பார்வையும் இன்றியமையாதவை.”

தரப் பரிசோதனை நிலையத்தின் பணி விதிகளில் இப்படித்தான் எழுதியிருக்கிறது. இந்த வரிகளின் கீழ் பல வருடங்களாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த மனிதருக்கு அந்த நிலையத்தில் சிமிட்டி என்று பெயர். காரணப் பெயர்தான். கதவு சாத்தினால் அவர் கண் மூடிக்கொள்ளும். பக்கத்தில் யாராவது தும்முவதற்கு வாயைத் திறந்தாலே மூடிக்கொள்ளும். மற்றவர்கள் சத்தம் கேட்ட பிறகு கண்ணை மூடுவார்கள். இவர் சத்தத்துக்கு மரியாதை கொடுத்து முன்கூட்டியே மூடிவிடுவார். கண் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “கண்ணுல ஒரு குறையும் இல்ல. ஆளே இப்படித்தான்” என்று அனுப்பிவிட்டார்.

அவருடைய கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட அவர் விழித்திருக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் மனைவி அதை எடுத்துக் காட்டுவாள். “பாருங்க, கண்ண மூடிக்கிட்டுத்தான் என்னைக் கட்டிக்கிட்டாரு. இன்னும் தொறந்த பாடில்ல.”

இப்படிப்பட்டவர் எப்படி அந்த வேலையில் நிலைத்தார் என்றால், வேலையே அவருக்கு வசதியாக அமைந்துவிட்டது. நிலையம் என்பது பொருள்களை முறைப்படி நாசம் செய்யும் இடம். நாற்காலிமேல் மூட்டை மூட்டையாக எடை ஏற்றுவார்கள். தலைக்கவசத்தை உயரத்திலிருந்து போடுவார்கள். செருப்பின் அடித்தோலைப் பிடித்து அது பிரியும்வரை இழுப்பார்கள். இதையெல்லாம் செய்ய உடைக்கும் பிரிவில் ஒரு மெக்கானிக் இருந்தார். அவர் உடைத்து முடித்துவிட்டுக் குரல் கொடுத்தால் சிமிட்டி போவார். உடைந்த பொருள் அவசரப்படாது. அதன் பக்கத்தில் அளவுகோலை வைத்து, நிழல் விழாமல் விளக்கைத் திருப்பி, ஆற அமரப் படம் எடுக்கலாம். “நான் கொல்றேன், நீ போட்டோ புடிக்கிற. ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம்” என்பார் மெக்கானிக். ஒரு பொருள் உடைவதை சிமிட்டி ஒருநாளும் பார்த்ததில்லை. உடைந்ததை அவர் அளவுக்குப் பார்த்தவரும் யாருமில்லை.

அவர் மனைவி தையல்கடையில் காஜா எடுப்பவள். சட்டைப் பித்தானுக்குத் துளை வெட்டி, அதன் விளிம்பை நூலால் சுற்றிக் கட்டும் வேலை. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு முடிச்சு பிசகினாலும் சட்டை போட்டவன் நாள் முழுக்கப் பித்தானோடு மல்லுக்கட்ட வேண்டும். அவள் பிசகியதில்லை. ஊசியை இழுக்கும் முன் மூச்சை நிறுத்துவாள், இழுத்த பின் விடுவாள். கடைக்காரரான மாஸ்டர் அவளைப்பற்றிச் சொன்ன ஒரே பாராட்டு, “இந்தம்மா இருந்தா எனக்குத் திட்டறதுக்கு ஆளே இல்ல” என்பதுதான்.

அடுப்படியிலும் அவள் அப்படியே. குச்சி எரிந்த பிறகுதான் அடுப்பின் குமிழைத் திருப்புவாள். குச்சியை உடம்புக்கு வெளிப்பக்கமாகத்தான் உரசுவாள். ஒருநாள் காலை பெட்டியில் ஒரே குச்சி பாக்கியிருந்தது. பெட்டியின் ஓரத்துப் பட்டை தேய்ந்து, உள்ளிருந்த அட்டை பல்லிளித்துக்கொண்டிருந்தது. முதல் உரசலில் ஒன்றும் நடக்கவில்லை. அடுத்ததிலும் இல்லை. அழுத்தி இன்னொரு முறை உரசினாள். குச்சி சீறிப் பற்றியது. அதன் தலையிலிருந்து கடுகளவு ஒரு துணுக்கு, எரிந்தபடியே பிய்ந்து மேலே வந்தது.

சிமிட்டி அப்போது காபிக்காக அடுப்படி வாசலில், அவளுக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தார். உரசும் சத்தம் வரும் முன்பே கண் வழக்கம்போல மூடிக்கொண்டது. திறந்தபோது அவள் ஒரு கையால் வலது கண்ணைப் பொத்தியிருந்தாள். மறு கையிலிருந்த குச்சியை ஊதி அணைத்து, தண்ணீர்த் தொட்டிக்குள் போட்டுவிட்டு, அதன் பிறகுதான் தரையில் உட்கார்ந்தாள்.

வலது கண் திரும்பவில்லை.

ஒரு கண் போனால் பாதிப் பார்வை போகும் என்று நாம் கணக்குப் போடுவோம். போவது வேறு. தூரம் போய்விடும். தம்ளரில் தண்ணீர் ஊற்றினால் தம்ளருக்குப் பக்கத்தில் விழும். ஊசிக் காதுக்கு ஒரு விரல் முன்னாலேயே நூல் நுழைந்துவிட்டதாகத் தோன்றும். அவள் சில மாதங்களில் அதையும் ஒருமாதிரி வசப்படுத்தினாள். விரல்நுனியால் துளையைத் தடவித் தடவிக் காஜா எடுக்கக் கற்றுக்கொண்டாள். வேகம் குறைந்தது, முடிச்சு பிசகவில்லை. மாஸ்டரும் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த சட்டையைக் கொடுத்தார்.

இதற்கிடையில் மருத்துவமனையில் யாரோ ஒரு நல்ல மனம் படைத்தவர் அவள் சார்பில் ஒரு புகார் எழுதி அனுப்பியிருந்தார். புகார் பல மேசைகளைச் சுற்றி, தீப்பெட்டிகளாக உருமாறி, சிமிட்டியின் நிலையத்துக்கே வந்து சேர்ந்தது. இது அவருக்குத் தெரியாது. நிலையத்துக்கு வரும் பொருளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பிரிக்காத புதுப்பெட்டிகள் வந்தன. மெக்கானிக் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரே ஒரு குச்சியை எடுத்து, இயந்திரத்தின் கையில் மாட்டி, விதியில் சொன்ன வேகத்தில் உரசினார். உரசிய பெட்டியை ஒதுக்கிவிட்டு அடுத்த புதுப்பெட்டி. எதுவும் தெறிக்கவில்லை. எரிந்து கருகிய குச்சிகளை வரிசையாக அடுக்கி, பக்கத்தில் அளவுகோல் வைத்து, சிமிட்டி அருமையாகப் படம் எடுத்தார்.

முடிவு தபாலில் வீட்டுக்கு வந்தது. மனைவி தாளை முகத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டு படித்தாள். படங்களைத்தான் முதலில் பார்த்தாள்.

“படம் எவ்ளோ தெளிவா இருக்கு பாருங்க. உங்க ஆபீஸ்ல எடுத்ததா?”

சிமிட்டி எட்டிப் பார்த்தார். அளவுகோலின் மூலையில் ஒரு உடைசல். அவர் அளவுகோல்.

“நான்தான் எடுத்தேன்” என்றார்.

“எனக்காகவா?”

“உனக்குன்னு தெரியாது.”

அவள் தாளைத் திருப்பினாள். கடைசியில் ஒரு வரி இருந்தது: ‘பொருளில் குறை இல்லை. பயன்படுத்தியவரின் கவனக்குறைவு காரணமாக இருக்கலாம்.’ அவள் அதை ஒருமுறை மனதுக்குள் படித்தாள். பிறகு அவருக்காக வாய்விட்டுப் படித்தாள். பிறகு அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்தாள். பொங்கவில்லை. பொங்கும் முன் இறக்குவதுதான் அவள் வழக்கம்.

“எனக்கு வேற எதுவும் வேணாங்க” என்றாள். “கண்ணு திரும்பாதுன்னு தெரியும். அந்த ஒரு வரிய மட்டும் எடுக்கச் சொல்லுங்க.”

ஒரு வரி வீட்டுக்குள் வந்தால் அது சும்மா இருக்காது. ஞாயிற்றுக்கிழமை சிமிட்டியின் அக்கா வந்தாள். தம்பி பெண்டாட்டியிடம் அவளுக்குப் பகை ஒன்றுமில்லை. தான் சொன்னது சரியாகப் போய்விட்டால் அதை ஊருக்குத் தெரிவிப்பாள், அவ்வளவுதான்.

“நான் அன்னைக்கே சொன்னேன்ல, பதட்டத்துல உரசியிருப்பான்னு. இப்ப பாரு, பரிசோதனை பண்ணியே சொல்லிட்டாங்க.”

“அக்கா, அது பரிசோதனை…”

“நீ சும்மாயிரு தம்பி. அங்க உக்காந்திருக்கறவங்கல்லாம் படிச்சவங்க. நீ போட்டோ புடிக்கிறவன்.”

அக்காவின் வாய்வழியாக அந்த வரி தையல்கடைக்குப் போனது. மாஸ்டர் ஒரு வாரம் யோசித்தார். நல்ல மனிதர், நல்ல மனிதர்கள் செய்வதுபோலத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “ஒரு கண்ணு போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலையேம்மா. கவனம் இல்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்களாமே. ஊசி வேலை, கத்திரி வேலை. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க.” அவளை நூல் பிரிக்கும் மூலைக்கு மாற்றினார். காஜா எடுக்க வேறொரு பெண் வந்தாள், இரண்டு கண்ணோடும் அடிக்கடி பிசகும் முடிச்சுகளோடும்.

அன்று மாலை மனைவி எதையோ தேடுவதுபோல அடுப்படியில் நின்றுகொண்டு சொன்னாள். “புதுப்பெட்டில யாரு வேணாலும் உரசலாங்க. ஆனா கடைசிக் குச்சி? பட்டையே இருக்காது. அழுத்தாம எப்படி பத்தும்? உங்க மிஷினு கடைசிக் குச்சிய உரசுமா?”

சிமிட்டிக்குப் பொறி தட்டியது. மறுநாளே தலைமை ஆய்வாளர் அறைக்குப் போனார். அவர் நிறையப் படித்த பெண்மணி. மேசையில் எப்போதும் ஒரு தேய்ந்த செருப்போ வெடித்த குடமோ இருக்கும். சிமிட்டி பெரிய கண்டுபிடிப்பைச் சொல்லும் தோரணையில் கடைசிக் குச்சி விவகாரத்தைச் சொல்லி முடித்தார்.

“தெரியும்ப்பா” என்றார் அவர்.

“தெரியுமா மேடம்?”

“எங்க வீட்டுலயும் அப்படித்தான் தெறிக்கும். எங்கம்மா மூஞ்சத் திருப்பிக்கிட்டுத்தான் உரசுவாங்க. ஆனா விதி புதுப்பெட்டின்னு சொல்லுதே. பழைய பெட்டின்னா எவ்ளோ பழசு? ஒவ்வொருத்தர் வீட்டுலயும் ஒரு மாதிரி தேயும். அதுக்கு அளவு கிடையாது. அளவு இல்லாததை நம்ம சோதிக்க முடியாது.”

சிமிட்டி வேகமாகச் சிமிட்டினார். எதிராளியின் அறியாமைக்காகத் தயார்செய்துகொண்டு வந்த வாதமெல்லாம், எதிராளிக்குத் தெரிந்திருந்ததால் வீணாயிற்று.

அவர் முகத்தைப் பார்த்து மேடத்துக்கு மனம் கேட்கவில்லை. “ஒண்ணு பண்ணலாம். மறு ஆய்வுக் குழு இருக்கு. துணுக்கு பிரியறது கண்ணுக்குத் தெரியற மாதிரி படம் இருந்தா, அவங்க பார்த்தே ஆகணும். எரிஞ்சு முடிஞ்ச குச்சி வேணாம். பத்துற அந்த நொடி வேணும்.” சற்று நிறுத்திவிட்டு, “உன்னால முடியுமா?” என்றார்.

அவருடைய கண்களைப் பார்த்துக்கொண்டே கேட்ட கேள்வி. அவை மூடியிருந்தன.

நிலையத்தின் பழைய கேமராவை விடுமுறைகளில் வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி கிடைத்தது. மெக்கானிக் வாசலில் மறித்துக்கொண்டார்.

“யோவ் சிமிட்டி, நெருப்பு பத்துறத நீ படம் புடிக்கப் போறியாம்?”

“ஆமாண்ணே.”

“மீன் மரம் ஏறப் போகுதுன்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்யா.”

அதன் பிறகு அந்தத் தெருவில் ஒரு விசித்திரம் நடக்கத் தொடங்கியது. புருஷனும் பெண்டாட்டியும் வீடு வீடாகப் போய்த் தீர்ந்துபோகும் தீப்பெட்டிகளைக் கேட்டார்கள். புதுப்பெட்டி கொடுத்தால் வேண்டாம் என்றார்கள். பட்டை தேய்ந்து, ஓரிரு குச்சி மட்டும் உள்ளே உருண்டுகொண்டிருக்கும் பெட்டிதான் வேண்டுமாம். பதிலுக்குப் புதுப்பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு சனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றிக் காட்டினார்கள். டீக்கடைக்காரர் மட்டும், காரணம் கேட்காமலேயே, தேய்ந்த பெட்டிகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்தார். எதற்கும் காரணம் கேட்காததுதான் அவர் வியாபார ரகசியம்.

ஞாயிறு பிற்பகல்களில் பின்னறை ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிடுவார்கள். சுவரில் கறுப்புத் துணி. அதற்கு முன்னால் மனைவி, சிமிட்டியின் ஸ்கூட்டர் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, அதன் கண்ணாடியை இறக்கிவிட்டு, கையில் தீப்பெட்டியோடு நிற்பாள். சந்திரனுக்குப் போகிறவள் அடுப்பு மூட்ட இறங்கியதுபோல இருக்கும்.

“சிரிக்காதீங்க.”

“நான் எங்க சிரிச்சேன்?”

“கேமரா ஆடுது.”

முதலில் கேமராவின் வாயைத் திறந்தபடியே வைத்துவிட்டு உரசச் சொன்னார். நொடி முழுவதையும் பிடித்துவிடலாம் என்ற பேராசை. படம் முழுக்க வெள்ளைப் பூசணிக்காய் ஒன்று உட்கார்ந்திருந்தது. தொடர்ச்சியாகப் படம் எடுக்கும் வசதியும் அந்தக் கேமராவில் இருந்தது, ஆனால் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு கொட்டாவி விட்டுவிட்டு வரலாம். கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சியது. பற்றும் நொடியில் விரல் பொத்தானை அழுத்த வேண்டும்.

அங்கேதான் வந்தது வினை. உரசப் போகிறாள் என்றதும் கண் மூடிக்கொள்ளும். கண் மூடியதும் விரல் தயங்கும். திறந்து அழுத்தினால் குச்சி நிதானமாக, நல்ல பிள்ளையாக எரிந்துகொண்டிருக்கும். அவசரப்பட்டு அழுத்தினால் வெறும் இருட்டு. இருட்டும் நல்ல பிள்ளையும் மாறி மாறி வந்தன. இமையை விரலால் பிடித்துக்கொண்டு பார்த்தார்; கண்ணில் நீர் கொட்டியதுதான் மிச்சம். மேலும், ஒரு விஷயம் அவருக்கு மெல்லப் புரிந்தது. கண்ணைத் திறந்து வைத்திருந்தாலும் பயனில்லை. பற்றியதைக் கண்டு, கண்டதை விரலுக்குச் சொல்லி, விரல் அழுத்துவதற்குள் அது பழைய செய்தியாகிவிடுகிறது. பார்த்துவிட்டு எடுக்கவே முடியாத படம் அது.

“நான் ‘ம்’னு சொல்றேன், அமுக்குங்க” என்றாள் அவள்.

‘ம்’ வருவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. ‘ம்’ சொல்லிவிட்டு உரசினால் முந்திவிடுகிறது. டீக்கடை டப்பா காலியானது. மறுபடி நிறைந்தது. வாரங்கள் போயின. அவள் கட்டைவிரல் கறுத்துப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமே அலுத்துப்போயிருந்தார்கள். பேசக்கூடப் பிடிக்கவில்லை. சிமிட்டி கண்ணை மூடிக்கொண்டு, திறக்கும் உத்தேசமே இல்லாமல், விரலைப் பொத்தான்மேல் போட்டபடி நின்றார். இருட்டில் அவள் மூச்சு கேட்டது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து வந்ததால் வழக்கத்தைவிடப் பெரிதாகக் கேட்டது. வந்தது, போனது, வந்தது. நின்றது. அந்த நிறுத்தம் அவருக்குத் தெரியும். திண்ணமாகத் தெரியும். எத்தனையோ மாலைகளில், அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த சட்டைகளுக்குக் காஜா எடுக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஊசியை இழுக்கும் முன் வரும் நிறுத்தம்.

அழுத்தினார்.

அந்தப் படம் சரியில்லை. ஆனால் அது இருட்டும் இல்லை, நல்ல பிள்ளையும் இல்லை. குச்சித் தலையில் ஒரு செம்மை கசிந்திருந்தது. அதன் பிறகு அவர் கண்ணைத் திறக்கவே முயலவில்லை. அவள் மூச்சு நிற்கும், இவர் விரல் இறங்கும். அடுத்தடுத்த வாரங்களில் செம்மை பெரிதாகிக்கொண்டே வந்தது. பிறகு ஒருநாள் மேகம் மூடிய பிற்பகலில், கேமராவின் சின்னத் திரையில் அது வந்துவிட்டது.

குச்சித் தலை பூவாக வெடித்திருந்தது. வெள்ளையும் மஞ்சளுமாக இதழ்கள், கரும்புகை இன்னும் பிறக்காத சுத்தம். அழுத்தத்தில் குச்சி சற்றே வில்லாக வளைந்திருந்தது. பூவுக்கு மேலே, இடப்பக்கமாக, ஒரு சிறு பொறி. பின்னால் முடியிழை போன்ற ஒரு வால்.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் திரையருகே குனிந்தாள்.

“இதுவா?”

“இதுதான்.”

விரலை நீட்டி அந்தப் பொறியைத் தொடப் பார்த்தாள். விரல் திரைக்குச் சற்று முன்னாலேயே, காற்றில் நின்றது.

“இவ்ளோ அழகாவா இருந்துச்சு?” என்றாள்.

சிமிட்டியும் திரையருகே குனிந்தார். அன்று எதிரே நின்றும் பார்க்கத் தவறியதை இப்போதுதான் பார்க்கிறார்.

மறு ஆய்வுக் குழுவில் மூன்று பேர். படத்தைப் பெரிய திரையில் போட்டதும் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார். சிமிட்டியை உள்ளே கூப்பிட்டு, எழுந்து நின்று கைகொடுத்தார்கள். இப்படி ஒரு படத்தை இந்த நிலையம் கண்டதில்லை என்றார்கள். அவருக்கு நெஞ்சு விம்மியது. நடக்கப் போவதை முன்கூட்டியே அறிந்து மூடிக்கொள்ளும் அவர் கண், அந்த அறையில் மட்டும் அகலத் திறந்திருந்தது.

“துணுக்கு பிரியறது நல்லாவே தெரியுது” என்றார் குழுத்தலைவர். “சந்தேகமே இல்லை. அதே சமயம் குச்சியைப் பாருங்க. வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. எவ்வளவு அழுத்தம்!”

“பட்டையும் தேஞ்சிருக்கு” என்றார் பிஸ்கட்காரர். “தேஞ்ச பட்டையில இப்படி அழுத்தி உரசினா எந்தக் குச்சியும் தெறிக்கத்தானே செய்யும்.”

“அதாவது, குச்சியில குறை இல்லை.”

“உரசின முறையிலதான் குறை. இதுவரைக்கும் நமக்கு ஊகம்தான். இப்ப படமே இருக்கு.”

மூன்றாமவர் எழுதிக்கொண்டார். கூட உட்கார்ந்திருந்த தலைமை ஆய்வாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ‘எல்லார் வீட்டிலும் அப்படித்தான்’ என்று சொல்லவும் செய்தார். “அப்ப எல்லார் வீட்டிலும் கவனக்குறைவுதான்” என்று குழுத்தலைவர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

சிமிட்டி வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

“எடுத்துட்டாங்களா?”

“எடுத்துட்டாங்க.”

அவள் முகம் மலர்ந்தது. “அந்த வரியையா?”

“இல்ல. வரியில ஒரு வார்த்தைய.”

“எந்த வார்த்தைய?”

“‘இருக்கலாம்’ங்கறத.”

அவள் கொஞ்ச நேரம் அந்த வரியை, அந்த வார்த்தை இல்லாமல், உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கல்யாண ஆல்பத்தைக் காட்டும்போது சிரிக்கும் சிரிப்புதான், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. “அவ்ளோ கவனமா உரசினேங்க” என்றாள். அதோடு உள்ளே போய்விட்டாள். தையல்கடையில் நூல் பிரிக்கும் மூலைக்கே தொடர்ந்து போய்வந்தாள். வீட்டில் அதற்குப் பிறகு அவள் ஊசி எடுக்கவில்லை. அக்கா வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். சொன்னது முழுக்கச் சரியாகிவிட்டதால் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லாமல் சற்று வாடியிருந்தாள்.

படம் மட்டும் நன்றாக வாழ்ந்தது. நிலையத்தின் கேமராவில் எடுத்ததால் அது நிலையத்துக்குச் சொந்தம். ஆண்டு விழாவுக்கு அதை ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, நுழைவுக் கூடத்தில் மாட்ட முடிவானது. விழா நாளில் சிமிட்டி மனைவியை அழைத்துக்கொண்டு போனார். அவள் வர மாட்டேன் என்றுதான் சொன்னாள். பிறகு நல்ல புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். கூடம் நிறையக் கூட்டம். அவள் படத்துக்கு எதிரே நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வெகு நேரம் பார்த்தாள்.

“என்னங்க.”

“என்ன?”

“நம்ம துணுக்கு எங்க?”

சிமிட்டி கண்ணாடிக்குப் பக்கத்தில் போனார். பூ இருந்தது. இதழ்கள் இருந்தன. மேலே, இடப்பக்கம், மெத்தென்ற கறுப்பு மட்டும் இருந்தது.

படத்தைப் பெரிதாக்கித் தந்த அச்சகக்காரரும் விழாவுக்கு வந்திருந்தார். தொழில் பக்தி உள்ளவர். கேட்டதும் முகம் பிரகாசமாகிவிட்டது. “கவனிச்சுட்டீங்களா சார்! மேல ஒரு தூசி விழுந்திருந்துச்சு. வாலு மாதிரி ஒரு கீறல் வேற. ராத்திரி பூரா உக்காந்து துடைச்சேன். அதுக்குத் தனியா எதுவும் வாங்கல.”

சிமிட்டி அவருக்கு நன்றி சொன்னார்.

படத்தின் கீழே ஒரு பித்தளைத் தகடு. ‘ஒளி பிறக்கும் கணம். இமைகொட்டாத விழிப்போடு, பிறர் உதவியின்றி, நம் நிலையத்தின் ஒளிப்படக்காரர் எடுத்தது.’ மனைவி அதையும் முகத்தை அருகில் கொண்டுபோய்ப் படித்தாள். படித்துவிட்டு அவர் கையைப் பிடித்து, “வாங்க, வீட்டுக்குப் போலாம்” என்றாள். போகும் வழியில் பெட்டிக்கடையில் ஒரு புதுத் தீப்பெட்டி வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த வாரத்திலிருந்து அந்தப் படத்தின் கண்ணாடியில், பூவுக்கு மேலே இடப்பக்கமாக, வெள்ளை மையில் ஒரு புள்ளியும் அதற்கு ஒரு சின்ன வாலும் தென்படத் தொடங்கின. கூடத்தைத் துடைக்கும் அம்மாள் திங்கட்கிழமைகளில் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிடுவார். ஓரிரு நாளில் திரும்ப வந்துவிடும்.

“யாரோ பேனா வச்சு வெளையாடறாங்க சார்” என்று அவர் சிமிட்டியிடமே புகார் சொன்னார். “பொறுப்பில்லாத ஜனங்க.”

“ஆமாம்மா” என்றார் சிமிட்டி. “கவனக்குறைவு.”

அந்தப் படத்தை அவர் விழித்திருந்து எடுக்கவில்லை, தனியாகவும் எடுக்கவில்லை. மனைவி மூச்சை நிறுத்தியபோது கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். பிறர் துடைத்ததைத் திரும்ப வைத்தார்.